புதிய குழந்தையும் மூத்த பிள்ளையின் உரிமையும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலாத்தும் ஸலாமும் எமது உயிரிலும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, இளம் சகோதர சகோதரிகளே! ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எமது சமூகம் நன்கறிந்து வைத்திருக்கின்றது. பாங்கு சொல்வது, பெயர் வைப்பது, முடி களைவது, ஏழாம் நாளில் அகீகா கொடுப்பது ஆகியவற்றைப் பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றோம். அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல விடயம். ஆயினும், அதே வீட்டில் ஏற்கெனவே இருக்கின்ற மூன்று அல்லது நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்நாட்களில் நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்று யாரும் கேட்டு வருவதில்லை. இன்று அந்தக் கேள்வியைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். நேற்று வரை அவ்வீட்டின் செல்லம் நான்கு வயது மகன். உம்மாவின் அருகில் உறங்குபவன் அவன். வாப்பா கடையை மூடிவிட்டு வரும்போது வாசலுக்கு ஓடி வருபவனும் அவனே. ஒரு நாள் உம்மா வைத்தியசாலைக்குப் போகின்றார். இரண்டு மூன்று நாட்களில் கையில் ஒரு குழந்தையோடு திரும்பி வருகின்றார். அன்றிலிருந்து அவனுடைய இடத்தில் அந்தக் குழந்தை உறங்குகின்றது. வீட்டிற்கு வருகின்ற உறவினர் அனைவரும் அவனைக் கடந்து ஏணையின் பக்கம் போகின்றார்கள். அவன் அருகில் சென்றால், “சத்தம் போடாதே, தங்கச்சி எழும்பிவிடுவாள்” என்கின்றார்கள். தொட்டால், “கையை எடு” என்கின்றார்கள். சில நாட்களில் அவன் மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிக்கின்றான். விட்டுவிட்ட பால் போத்தலைத் திரும்பவும் கேட்கின்றான். முன்பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகின்றான். யாரும் பார்க்காத வேளையில் குழந்தையைக் கிள்ளிவிடுகின்றான். பெரியவர்கள் உடனே சொல்கின்ற தீர்ப்பு, “இவனுக்குக் குறும்பு கூடிவிட்டது” என்பதாகும்.

நேயர்களே! அது குறும்பு என்பதை விட ஒரு முறைப்பாடு என்பதே பொருத்தம். தன் வேதனையை வார்த்தையால் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை, தன் நடத்தையால் முறையிடுகின்றது. “என்னை மறந்துவிட்டீர்களா?” என்பதே அந்த முறைப்பாடு. அதைச் செவியேற்பதும் நீதி செலுத்துவதும் பெற்றோரின் மார்க்கக் கடமையாகும்.

சகோதரர்களுக்கிடையே தோன்றும் இந்த உணர்வை அருள்மறை அல்குர்ஆன் சாதாரணமாகக் கடந்து செல்லவில்லை. ஸூரா யூஸுபை எடுத்துப் பாருங்கள். 111 வசனங்களைக் கொண்ட அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, தம்மை விட யூஸுபும் அவருடைய சகோதரரும் தந்தைக்கு அதிக விருப்பமானவர்கள் என்று மற்றைய சகோதரர்கள் பேசிக்கொண்டதை அல்லாஹ் எமக்கு எடுத்துரைக்கின்றான். யஃகூப் (அலை) அவர்கள் ஒரு நபி. அவர்கள் அநீதி இழைத்தார்கள் என்று நாம் ஒருபோதும் கூற மாட்டோம். எனினும் அச்சகோதரர்களின் உள்ளத்தில் அந்த எண்ணம் வளர்ந்தது. கிணற்றில் தள்ளும் அளவுக்கு அது அவர்களைக் கொண்டு சென்றது. யஃகூப் (அலை) அவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். யூஸுப் (அலை) தாம் கண்ட கனவைச் சொன்னபோது, அதைச் சகோதரர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்றே முதலில் அறிவுறுத்தினார்கள்.

இதில் எமக்குள்ள படிப்பினை யாது? பெற்றோர் தவறே செய்யாதிருந்தாலும், ஒதுக்கப்பட்டதாக ஒரு பிள்ளையின் உள்ளம் உணரக்கூடும். “நாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது போதாது. அந்தப் பிள்ளை என்ன உணர்கின்றது என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும்.

அடுத்து, ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு அவரது தந்தை தம் உடைமையிலிருந்து ஓர் அன்பளிப்பை வழங்கினார். தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரழி) அவர்கள், அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினாலன்றித் தாம் பொருந்திக்கொள்வதில்லை என்றார்கள். தந்தை நபியவர்களிடம் சென்றபோது, ஏனைய பிள்ளைகளுக்கும் இதே போன்று வழங்கினீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்று பதில் வந்தது. அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறும், பிள்ளைகளுக்கிடையே நீதியாக நடக்குமாறும் கூறி, சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தந்தை திரும்பிச் சென்று அந்த அன்பளிப்பை மீளப் பெற்றுக்கொண்டார்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் காணி, வீடு, பணம் பற்றிய பேச்சிலேயே எடுத்துக் கூறுகின்றோம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குக் காணி தெரியாது. காணி உறுதியும் தெரியாது. அப்பிள்ளை அறிந்த ஒரே செல்வம் தாயின் மடியும் தந்தையின் தோளும்தான். பைஹகீயில் பதிவாகியுள்ள ஓர் அறிவிப்பில், நபியவர்களோடு அமர்ந்திருந்த ஒருவர், தம்மிடம் வந்த மகனை முத்தமிட்டு மடியில் இருத்திக்கொண்டார்; பின்னர் வந்த மகளையோ பக்கத்தில் இருத்தினார். இருவருக்குமிடையில் நீர் நீதி செலுத்தவில்லை என்று நபியவர்கள் அவரைக் கண்டித்ததாக வந்துள்ளது. பார்த்தீர்களா? பிள்ளைகளுக்கிடையிலான நீதி வாரிசுரிமைப் பங்கீட்டில் தொடங்குவதில்லை. அது மடியிலேயே தொடங்கிவிடுகின்றது.

இங்கே சில பெற்றோருக்கு ஒரு சந்தேகம் எழலாம். “பிறந்த குழந்தைக்கு இரண்டு மணித்தியாலத்திற்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும். மூத்தவனையும் அதே அளவு மடியில் வைத்திருப்பது எப்படிச் சாத்தியம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீதி என்பது மணிக்கூட்டைப் பார்த்துச் சமமாகப் பிரிப்பதன்று. ஸல்மான் (ரழி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரழி) அவர்களுக்கு, உரிமையுடைய ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடுத்துவிடுமாறு உபதேசித்தார்கள். அது நபியவர்களிடம் கூறப்பட்டபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று அங்கீகரித்தார்கள். குழந்தையின் உரிமை பாலும் பராமரிப்பும். மூத்த பிள்ளையின் உரிமை, தான் இன்னும் நேசிக்கப்படுகின்றேன் என்று நாள்தோறும் அறிந்துகொள்வது. அதற்கு நாள் முழுவதும் தேவையில்லை. குழந்தை உறங்கும்போது கால் மணித்தியாலம், வேறு வேலை எதுவுமின்றி, அவனுக்கென்று மாத்திரம் உட்கார்ந்தால் போதும். ஆனால் அது தினமும் நடக்க வேண்டும்.

அன்பின் நேயர்களே! சிறுவர்களின் சின்னஞ்சிறு உலகத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு அபூ உமைர் என்ற சிறுவரின் சம்பவம் சான்றாகும். அவர் அனஸ் (ரழி) அவர்களின் இளைய சகோதரர், பால்குடி மறந்த வயதினர். அவரிடம் ஒரு சிறு குருவி இருந்தது. அக்குருவி இறந்து அவர் கவலையுற்றிருந்தபோது, நபியவர்கள் அவரைப் பெரிய மனிதரை அழைப்பது போல் ‘அபூ உமைர்’ என்றழைத்து, குருவிக்கு என்ன நேர்ந்தது என்று அன்போடு விசாரித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு சிறிய ஹதீஸிலிருந்து அறுபது அளவிலான படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதியிருக்கின்றார்கள். ஒரு சமூகத்தின் பொறுப்பு முழுவதையும் சுமந்த தலைவருக்கு ஒரு பாலகனின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. எமக்கு நேரமில்லை என்று சொல்ல முடியுமா?

அதே குடும்பத்தில் பின்னர் ஒரு குழந்தை பிறந்தது. உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் மூத்த மகன் அனஸ் (ரழி) அவர்களின் கையில் குழந்தையை ஒப்படைத்து, கூடவே பேரீச்சம்பழங்களையும் கொடுத்து, நபியவர்களிடம் எடுத்துச் செல்லச் சொன்னார்கள். நபியவர்கள் பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவி, அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டினார்கள். தம்பி பெயர் பெற்ற அந்நிகழ்வில் அண்ணன் ஓரத்தில் நின்ற பார்வையாளராக இருக்கவில்லை. தம்பியைச் சுமந்து சென்றவரே அவர்தான்.

எமது வீடுகளுக்கு இது சிறந்த முன்மாதிரியாகும். அனஸ் (ரழி) அவர்கள் வளர்ந்த பிள்ளை. நான்கு வயதுப் பிள்ளையிடம் குழந்தையைச் சுமக்கக் கொடுக்க முடியாதுதான். ஆயினும் அவனுடைய வயதிற்கேற்ற பொறுப்பைக் கொடுக்கலாம். துணியை எடுத்து வரச் சொல்லலாம். குழந்தையிடம் ஸலாம் சொல்லச் சொல்லலாம். அகீகா இறைச்சியைப் பக்கத்து வீட்டிற்குக் கொண்டு போகும்போது அவனையும் கையில் பிடித்து அழைத்துச் சென்று, “தம்பிக்கு அகீகா கொடுத்தோம்” என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கலாம். பிரசவத்திற்கு முன்பே, “உம்மா சில நாள் வைத்தியசாலையில் இருப்பேன், நீ உம்மும்மாவோடு இருப்பாய், பிறகு நான் வந்துவிடுவேன்” என்று சொல்லி வைக்கலாம். வீட்டிற்கு வரும் உறவினர்களும் முதலில் மூத்த பிள்ளையிடம் பேசிவிட்டு, “உன் தங்கச்சியைக் காட்டுவாயா?” என்று அவனையே கேட்டால், அன்று அவன் விருந்தாளிகளை வரவேற்கும் வீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கின்றேன். சிறு பிள்ளையைக் குழந்தையோடு தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பொறாமை இல்லாவிட்டாலும், பாசத்தினாலேயே தன் கையிலுள்ள பிஸ்கட்டைக் குழந்தையின் வாயில் வைத்துவிடக்கூடும்.

அடுத்து நாவைப் பற்றி. “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், இவள்தான் நாங்கள் பெற்ற பிள்ளை” என்று வேடிக்கையாகச் சொல்வது எம்மவர் வழக்கம். பெரியவர்கள் சிரிக்கின்றார்கள். பிள்ளையோ அதை நம்பி இரவில் அழுகின்றது. ஒரு பெண்மணி தம் மகனை, ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தார். என்ன கொடுக்க நாடினீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாகவே எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பேரீச்சம்பழத்தின் விடயத்திலேயே இந்த எச்சரிக்கை என்றால், பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பெறவில்லை என்று சொல்வதை என்னவென்பது? அவ்வாறே, “இதுவும் பெண்பிள்ளையா?” என்ற சொல்லும் வேண்டாம். பெண்குழந்தை பற்றிய நற்செய்தியைக் கேட்டு முகம் கறுத்துப்போகும் அறியாமைக் காலத்தவரை அல்குர்ஆன் ஸூரா அந்நஹ்லில் கண்டிக்கின்றது. அச்சொல்லைத் தாய் மாத்திரம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் மூத்த மகளும் கேட்கின்றாள். தான் பிறந்தபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவள் விளங்கிக்கொள்கின்றாள்.

மூத்த பிள்ளையை அமைதிப்படுத்தக் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிடும் பழக்கமும் இன்று பரவலாக இருக்கின்றது. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. அதிலும் குறைவாக இருப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியது. தொலைபேசி பிள்ளையின் அழுகையை நிறுத்தும். அதன் ஏக்கத்தைத் தீர்க்காது.

தந்தையரே! இதுவரை சொன்னவற்றையெல்லாம் தாயின் தலையில் மாத்திரம் சுமத்திவிட முடியாது. தாய் சுமந்த வேதனையை, பலவீனத்தின் மேல் பலவீனம் என்ற கருத்தில் ஸூரா லுக்மான் குறிப்பிடுகின்றது. ஸூரா அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை இரண்டு வருடங்கள் என்று கூறி, அக்காலத்தில் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையே பொறுப்பு என்கின்றது. பால்குடியை மறக்கச் செய்வதைக் கூட இருவரும் கலந்தாலோசித்து, பொருந்திக்கொண்டு செய்யும் விடயமாகவே அவ்வசனம் கூறுகின்றது. குழந்தை வளர்ப்பு பெண்களின் வேலை, எமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கும் ஆண்கள் இவ்வசனத்தைச் சிந்திக்க வேண்டும்.

நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தினருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று பதிலளித்தார்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி நபியவர்கள் தொழுகை நடத்தியிருக்கின்றார்கள்; ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களிடம், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்ற கருத்தை உணர்த்தினார்கள்.

எனவே, கடையிலிருந்தோ வயலிலிருந்தோ காரியாலயத்திலிருந்தோ வரும் தந்தை, கை கால் கழுவிக்கொண்டு அரை மணித்தியாலம் குழந்தையை வாங்கி வைத்திருக்கட்டும். அந்த அரை மணித்தியாலத்தில் தாய் மூத்த பிள்ளைக்குத் தன் கையால் சோறு ஊட்டட்டும். அல்லது அஸர் தொழுகைக்குப் போகும்போது அவனுக்கும் தொப்பியை அணிவித்து அழைத்துச் செல்லட்டும். கட்டாரிலோ சவூதியிலோ உழைத்துக்கொண்டிருக்கும் தந்தை தொலைபேசியில் அழைக்கும்போது, “குழந்தையைக் காட்டுங்கள்” என்பதற்கு முன் மூத்த பிள்ளையிடம், “இன்று முன்பள்ளியில் என்ன செய்தாய்?” என்று கேட்கட்டும். அபூ உமைரிடம் குருவியைப் பற்றிக் கேட்ட ஸுன்னத்தை அவர் அங்கிருந்தே நிறைவேற்றியவராவார்.

தாயின் உடல்நிலை போன்றே மனநிலையும் கவனிக்கப்பட வேண்டும். பிரசவத்தின் பின் முதற்சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கும் ஏற்படுவதுண்டு. அது இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தால், உறக்கமோ உணவோ இல்லாமல் போனால், குழந்தையின் மீது வெறுப்புத் தோன்றினால், அது சிகிச்சை பெற வேண்டிய ஒரு நோயாகும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல், அவரைத் தனியே விடாமல், வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். “ஈமான் பலவீனம்” என்று பழிக்காதீர்கள். வீட்டிற்கு வருகின்ற குடும்பநல உத்தியோகத்தரிடமும், வைத்தியரிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம். நோய்க்கு மருந்து செய்யுமாறு கற்றுத் தந்தவர்கள் எமது நபியவர்கள்தான்.

இளைஞர்களே, யுவதிகளே! நமக்கு இன்னும் திருமணம் ஆகவில்லையே என்று இந்த உரையை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நானாவுக்கோ ராத்தாவுக்கோ இன்று குழந்தை பிறந்திருக்கலாம். அங்கே ஒரு மூலையில் வாடி நிற்கும் சிறுவனை மஃரிபுக்கு முன் கடற்கரைக்கோ மைதானத்திற்கோ அழைத்துச் செல்வது உங்களால் முடியும். அது குடும்ப உறவைச் சேர்ந்து நடக்கும் அமல்களில் ஒன்று. நாளை நீங்கள் தாய் தந்தையாகும்போது அது உங்களுக்குப் பயிற்சியாகவும் அமையும்.

நேயர்களே! ஜனாஸாவை அடக்கி வந்த சில மாதங்களிலேயே உடன்பிறப்புகள் காணி உறுதியை முன்வைத்துப் பிணங்கிக்கொள்வதை எமது ஊர்களில் பார்க்கின்றோம். பெருநாள் தினத்தில் கூட ஒருவர் வீட்டிற்கு மற்றவர் போவதில்லை. பேசிப் பார்த்தால், “வாப்பா உம்மாவுக்கு எப்போதும் அவன்தான்” என்ற ஒரு வசனம் வெளியே வரும். அந்த வசனம் காணியைப் பற்றியதாகத் தெரியவில்லை. ஐம்பது வயது மனிதரின் வாயிலிருந்து வந்தாலும், அது நான்கு வயதில் எழுதப்பட்ட வசனம். பெற்றோர் உலகை விட்டுப் பிரிந்த பின்னும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டுமென விரும்பினால், இன்றே, இந்தச் சிறு பராயத்திலேயே அதற்கு அடித்தளமிட வேண்டும்.

இன்றிரவு குழந்தை உறங்கிய பின், மூத்த பிள்ளையை அருகில் அழைத்து, அதன் தலையைத் தடவி, “நீதான் எங்களுக்கு அல்லாஹ் தந்த முதல் அமானிதம்” என்று சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு உறங்கட்டும்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுக்கிடையில் நீதி செலுத்தும் பெற்றோராக எம்மை ஆக்குவாயாக! அவர்களின் உள்ளங்களை ஒன்றோடொன்று இணைத்து வைப்பாயாக! குழந்தைப் பாக்கியத்தை எதிர்பார்த்திருப்போருக்கு ஸாலிஹான சந்ததியை வழங்குவாயாக! பிரசவித்த தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும் மன அமைதியையும் அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.